ஒரே மருந்து, இரண்டு அட்டைகள்

அலர்ஜிக்காகத் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சளியும் பிடித்துக்கொண்டால், மெடிக்கல் ஷாப்பில் அவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இதோடு அதையும் சேர்த்துச் சாப்பிடலாமா? வயிற்றுக்குள் போன இரண்டு மருந்துகளும் மோதிக்கொண்டு எதையாவது செய்துவிடுமோ என்ற பயம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. கடைக்காரரும் அந்தப் பயத்துக்கே பதில் சொல்கிறார்: "ஒண்ணும் செய்யாது சார், தைரியமா சாப்பிடுங்க." மோதலைப் பற்றிய பதிலாக எடுத்துக்கொண்டால் அது ஏறக்குறைய சரியான பதில். ஆனால் கேள்வியே இடம் மாறி நிற்கிறது. அலர்ஜி மாத்திரையும் சளி மாத்திரையும் பகையாளிகள் என்பதால் வரும் தொல்லை மிகக் குறைவு. இரண்டும் உறவினர்கள், சில நேரம் ஒரே ஆள், என்பதால் வரும் தொல்லைதான் அதிகம். அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு, வாங்கிய காரணம் வேறு. உள்ளே இருக்கும் மருந்து மட்டும் ஒன்று.

சளி மாத்திரை என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் தனி மருந்து இல்லை, அது ஒரு கூட்டு. காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் பாராசிட்டமால், மூக்கடைப்புக்குப் பினைலெஃப்ரின், தும்மலுக்கும் மூக்கு ஒழுகுவதற்கும் ஒரு ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து. அந்த மூன்றாவது இடத்தில் பெரும்பாலும் குளோர்பெனிரமின் இருக்கும், சிலவற்றில் செட்ரிசின் வகை. கூடவே கொஞ்சம் காஃபீன் சேர்ப்பதும் உண்டு. இருமல் சிரப்பாக இருந்தால் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானும் வரலாம். இப்போது அலர்ஜி மாத்திரையைத் திருப்பிப் பாருங்கள்: செட்ரிசின், லிவோசெட்ரிசின், லோரட்டடின், ஃபெக்ஸோஃபெனடின், அல்லது டாக்டர்கள் நம் ஊரில் மிக அதிகமாக எழுதித் தரும் மான்டெலுகாஸ்ட் லிவோசெட்ரிசின் ஜோடி. இவற்றில் மான்டெலுகாஸ்ட்டைத் தவிர எல்லாமே ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள். ஆக, அலர்ஜிக்காரர் சளி மாத்திரையை விழுங்கும்போது, தன் உடலில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையை இன்னொரு தரம் தொடங்கிவைக்கிறார்.

மோதல் பயம் முழுக்க ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது; அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1985ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெர்ஃபெனடின், தூக்கம் வராத அலர்ஜி மாத்திரை என்று கொண்டாடப்பட்டது. அந்த மாத்திரையைச் சாப்பிட்டதும் கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை வேகமாக வேறொரு பொருளாக மாற்றிவிடும். அலர்ஜியை அடக்கியது அந்த மாறிய பொருள்தான். எரித்ரோமைசின் என்ற ஆன்ட்டிபயாட்டிக்கோ கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்தோ கூடவே போனால் அந்த நொதி முடங்கும். மாறாத டெர்ஃபெனடின் ரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குலைக்கும். சிலர் இறந்தும் போனார்கள். 1998 வாக்கில் அமெரிக்கச் சந்தையிலிருந்து அந்த மருந்து விலக்கப்பட்டது. அதே பாதையில் அஸ்டெமிசோலும் 1999ல் போனது. டெர்ஃபெனடின் உடலில் மாறி உருவாகும் அந்தப் பொருளைத்தான் இன்று நேரடியாக ஃபெக்ஸோஃபெனடின் என்ற பெயரில் சாப்பிடுகிறோம். அதற்குக் கல்லீரலின் தயவு பெரிதாகத் தேவையில்லை, இதயத்தையும் அது தொந்தரவு செய்வதில்லை. ஆப்பிள், ஆரஞ்சு போன்ற பழச்சாறுகளோடு சாப்பிட்டால் மட்டும் அது உடலில் சரியாக ஏறாது. தண்ணீரோடு சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். மருந்துகள் மோதிக்கொண்ட கதையிலிருந்து மருத்துவ உலகம் பாடம் கற்றுக்கொண்டு மருந்தையே மாற்றிவிட்டது. இரட்டிப்பாகும் கதையில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

இரட்டிப்பானால் என்ன, இரண்டு மடங்கு குணம்தானே கிடைக்கும் என்று தோன்றலாம். அதற்குப் பதில் சொல்ல, அலர்ஜித் தும்மலும் சளித் தும்மலும் வெளியே ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வேறு வேறு என்பதைப் பார்க்க வேண்டும். தூசியோ மகரந்தமோ பட்டவுடன் மூக்கின் உட்தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. அது நரம்பைத் தொட்டால் அரிப்பும் தும்மலும், ரத்தக்குழாயைத் தொட்டால் கசிவும் வீக்கமும் வருகின்றன. ஹிஸ்டமின் உட்காரும் ஏற்பியில் முன்கூட்டியே இடம் பிடித்துவிட்டால் இந்தத் தொடர் அறுந்துபோகும். 1937ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவே இதைச் சோதனைச்சாலையில் காட்டினார். பின்னால் 1957ல் நோபல் பரிசும் பெற்றார். சளியின் கதை வேறு. ரைனோவைரஸை வேண்டுமென்றே மூக்கில் ஏற்றிக்கொண்ட தன்னார்வலர்களின் மூக்கு நீரைச் சோதித்து 1988ல் வெளியான ஆய்வில், சளி முற்றும்போது பிராடிகைனின் வகைப் பொருள்கள் ஏறின. ஹிஸ்டமின் அப்படி ஏறவில்லை. அதாவது, சளியில் மூக்கு ஒழுக வைக்கும் முக்கியக் குற்றவாளி ஹிஸ்டமின் இல்லை. சளிக்குத் தனியாக ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து கொடுத்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2015ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட அலசலும் இதற்கு ஒத்துப்போகிறது: பெரியவர்களுக்கு முதல் இரண்டு நாளில் மொத்தத்தில் கொஞ்சம் இதம், அதற்குப் பிறகு மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை, மூக்கடைப்பு, ஒழுகல், தும்மல் எதிலும் சொல்லும்படியான பலன் இல்லை.

அப்படியானால் பழைய குளோர்பெனிரமின் போட்டால் மூக்கு காய்ந்துபோகிறதே, அது பொய்யா? பொய் இல்லை. ஆனால் அந்த உலர்ச்சி ஹிஸ்டமினைத் தடுத்ததால் வருவது அல்ல. 1940களில் உருவான அந்தத் தலைமுறை மருந்துகள் குறிதவறிச் சுடுகிறவை. ஹிஸ்டமின் ஏற்பியோடு அசிட்டைல்கோலின் ஏற்பியையும் அடைத்துவிடும். அசிட்டைல்கோலின் தடைபட்டால் சுரப்பிகள் வற்றும், மூக்குச் சுரப்பியும் அதில் ஒன்று. சளியில் நாம் பலன் என்று நினைப்பதே அந்த மருந்தின் பக்கவிளைவுதான் என்பது இதன் வேடிக்கை. இந்த விலைச்சீட்டில் வாய் உலர்வதும் மலச்சிக்கலும் சின்ன எழுத்துகள். ப்ராஸ்டேட் வீங்கிய முதியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். குறுகிய கோணக் கண்நீர் அழுத்த நோய் உள்ளவருக்குக் கண்ணின் அழுத்தம் திடீரென்று ஏறலாம். வயதானவர்களுக்குப் புத்தி குழம்பலாம். முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பட்டியலில் இந்தப் பழைய தலைமுறை முழுவதும் இருக்கிறது. ஏற்கெனவே லிவோசெட்ரிசின் சாப்பிடுகிறவர் உடலில் ஹிஸ்டமின் ஏற்பிகள் அடைபட்டே இருக்கின்றன. அவருக்குக் குளோர்பெனிரமின் அந்தப் பக்கம் புதிதாக எதையும் தரப்போவதில்லை. கூடுதலாகத் தருவது உலர்ச்சியும் உறக்கமும் மட்டுமே.

உறக்கம் என்ற சொல்லே இங்கே கொஞ்சம் ஏமாற்றுகிறது. "எனக்கு இந்த மாத்திரையெல்லாம் தூக்கமே வராது" என்று சொல்கிறவர்கள் பலர். அதை நம்பி வண்டியையும் எடுக்கிறார்கள். 2000ல் அயோவா பல்கலைக்கழகத்தின் வாகன ஓட்டும் பாவனைக் கருவியில், பருவகால அலர்ஜி உள்ள 40 பேரை வெவ்வேறு வாரங்களில் டைஃபென்ஹைட்ரமின், ஃபெக்ஸோஃபெனடின், மது, வெற்று மாத்திரை ஆகியவற்றைக் கொடுத்து ஓட்ட வைத்துப் பார்த்தார்கள். டைஃபென்ஹைட்ரமின் குளோர்பெனிரமினின் சமகாலத்து உறவு. ரத்தத்தில் 0.1 சதவீதம் ஏறும்படி மது கொடுத்திருந்தார்கள், அது இந்தியச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிக்கும் 0.03 சதவீதத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். மிக மோசமாக ஓட்டியது மது குடித்தபோது அல்ல, டைஃபென்ஹைட்ரமின் சாப்பிட்டபோது. ஃபெக்ஸோஃபெனடின் வாரத்தில் வெற்று மாத்திரை வாரத்தைப் போலவே ஓட்டினார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான முடிவு: எவ்வளவு தூக்கமாக இருக்கிறது என்று அவர்களே சொன்னதும், எவ்வளவு தடுமாறி ஓட்டினார்கள் என்பதும் சரியாகப் பொருந்தவில்லை. கண் சொக்காமலே கை தடுமாறும். ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் மூளையைப் படமெடுத்துச் செய்த ஆய்வுகளில், குறைந்த அளவுக் குளோர்பெனிரமின் வகையே மூளையின் ஹிஸ்டமின் ஏற்பிகளில் ஏறக்குறைய பாதியைப் பிடித்துக்கொண்டது. ஃபெக்ஸோஃபெனடின் கிட்டத்தட்ட ஒன்றையும் பிடிக்கவில்லை. செட்ரிசின் இவ்விரண்டுக்கும் நடுவே, ஃபெக்ஸோஃபெனடின் பக்கம் சாய்ந்து நிற்பது. ஒரு சிலருக்கு அதிலும் மந்தம் உண்டு. இன்னொன்று, குளோர்பெனிரமின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகலாம். இரவு சாப்பிட்டது விடிந்ததும் போய்விடும் என்ற கணக்கு தப்பு; காலையில் போடும் செட்ரிசின் அதன் மேலேதான் போய் உட்காரும். தூக்க மாத்திரையோ மதுவோ கூடச் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் விவரம் தெரிந்த வாசகர் ஒரு கேள்வி கேட்பார். தீராத தோல் தடிப்புக்கு டாக்டர்கள் செட்ரிசின் வகையை வழக்கமான அளவைப்போல் நான்கு மடங்கு வரை கொடுக்கிறார்களே, சர்வதேச வழிகாட்டுதலே அதை அனுமதிக்கிறதே, இரண்டு மடங்கைக் கண்டு இவ்வளவு அலறுவானேன்? நியாயமான கேள்வி. ஆரோக்கியமான ஒருவர் ஒரு நாள் தவறுதலாகச் செட்ரிசினை இரண்டு தடவை சாப்பிட்டுவிட்டால் பதற வேண்டியதில்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வழிகாட்டுதல், அளவைக் கூட்டுவதைச் செட்ரிசின் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்துகளோடு நிறுத்திக்கொள்கிறது; பழைய தலைமுறையைத் தவிர்க்கச் சொல்கிறது. அங்கே கூட்டுவது தனி மருந்து, கூட்டுகிறவர் டாக்டர், நோயாளியின் சிறுநீரகம் எப்படி என்று அவருக்குத் தெரியும். செட்ரிசினும் லிவோசெட்ரிசினும் சிறுநீரகம் வழியாக வெளியேறுபவை. சிறுநீரகம் மந்தமானவருக்கு வழக்கமான அளவையே குறைக்க வேண்டும். சளி மாத்திரையில் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து தனியாக வருவதில்லை. மூன்றையும் சேர்த்தேதான் விழுங்கியாக வேண்டும். அங்கே இரட்டிப்பாவது எது என்பதைப் பொறுத்துத்தான் ஆபத்தின் அளவு.

அந்த மூன்றில் நான் அதிகம் அஞ்சுவது பாராசிட்டமாலுக்குத்தான். பரம சாதுவான மருந்து என்ற அதன் நற்பெயரே அதற்குக் காரணம். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம். காய்ச்சல் என்று 650 மில்லிகிராம் மாத்திரையை நான்கு வேளை போட்டால் 2600. அதோடு, 500 மில்லிகிராம் பாராசிட்டமால் கலந்த சளி மாத்திரை மூன்று வேளை என்றால் 1500. மொத்தம் 4100. இரண்டையும் அட்டையில் சொன்ன அளவிலேயே சாப்பிட்டவர், தான் வரம்பைத் தாண்டியதை அறியவே மாட்டார். கல்லீரல் பாராசிட்டமாலை உடைக்கும்போது ஒரு சிறு பகுதி நச்சாக மாறுகிறது. குளுட்டதயோன் என்ற பொருள் அதை உடனுக்குடன் பிடித்து அடக்கிவிடும். சாப்பாடில்லாமல் காய்ச்சலில் கிடப்பவருக்கும் தொடர்ந்து குடிப்பவருக்கும் அந்தக் கையிருப்பு குறைவு. அது தீர்ந்த பிறகு நச்சு கல்லீரல் செல்களையே தாக்கத் தொடங்கும். 4100 என்பதால் நாளையே கல்லீரல் போய்விடாது. ஆனால் நாலைந்து நாள் நீடிக்கும் சளியில், மெலிந்த உடம்பில், இன்னொரு தலைவலி மாத்திரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை யோசிக்க வேண்டும். அறிகுறிகள் தாமதமாக வருவதும், முதல் நாளில் வெறும் குமட்டலாகவே தோன்றுவதும் இந்த விஷத்தின் தந்திரம்.

பினைலெஃப்ரினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் மாத்திரையாக விழுங்கினால் அது அவ்வளவாக வேலை செய்வதில்லை. பெரும்பகுதி குடல் சுவரிலேயே சிதைந்துபோகிறது. 2023 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவில் 16 பேரும் ஒரே குரலில், வாய்வழி பினைலெஃப்ரினால் மூக்கடைப்புக்குப் பலன் இல்லை என்று வாக்களித்தார்கள். 2024 நவம்பரில் அதை நீக்கும் முன்மொழிவையும் அந்த நிர்வாகம் வெளியிட்டது. போதைப்பொருள் தயாரிக்கப் பயன்பட்ட சூடோஎபிட்ரின் என்ற மூக்கடைப்பு மருந்தை அங்கே அலமாரிக்குள் பூட்டிய பிறகு, அந்த இடத்தை நிரப்ப வந்த மருந்து இது. ரத்த அழுத்தக்காரர்களும் சில வகை மனச்சோர்வு மருந்து சாப்பிடுகிறவர்களும் இந்த வகையிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்ற எச்சரிக்கை மட்டும் மிஞ்சுகிறது. மனச்சோர்வு மருந்து என்றதும் இருமல் சிரப்பையும் சொல்ல வேண்டும்: டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானோடு அவற்றில் பல ஒத்துப்போகாது, செரட்டோனின் அளவுமீறி ஏறும். உண்மையான மோதல் இன்றும் இருப்பது இங்கேதான்.

கூட்டு மாத்திரையை ஆதரிப்பவர்களுக்கும் ஆதாரம் உண்டு. ஹிஸ்டமின் எதிர்ப்பு, வலி நிவாரணி, அடைப்பு நீக்கி மூன்றும் சேர்ந்த கூட்டுகள் பெரியவர்களுக்கும் வளர்ந்த குழந்தைகளுக்கும் சளியில் ஓரளவு இதம் தருகின்றன என்று காக்ரேனின் வேறொரு அலசல் சொல்கிறது. ஒரே மாத்திரையில் காரியம் முடிகிறது, காசும் குறைவு. கையில் வேறு மருந்தே இல்லாத இளைஞருக்கு இந்த வாதத்தை நான் மறுக்க மாட்டேன். ஆனால் இந்த அத்தியாயம் பேசுவது தினமும் அலர்ஜி மருந்து சாப்பிடுகிறவரைப் பற்றி. கூட்டில் ஒரு பங்கு அவர் உடலில் ஏற்கெனவே இருக்கிறது. இன்னொரு பங்கு வேலை செய்யாதது. மிஞ்சுவது பாராசிட்டமால், அது தனியாகவே மலிவாகக் கிடைக்கிறது. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு 156 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது, செட்ரிசினும் பாராசிட்டமாலும் பினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையும், அதன் லிவோசெட்ரிசின் வடிவமும் அந்தப் பட்டியலில் இருந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அப்படியானால் அலர்ஜிக்காரர் சளிக்கு என்னதான் செய்வது? அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் அலர்ஜி சளியின் மேல் ஏறி உட்காரும். நெடுநாள் செட்ரிசின் சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்திய சிலருக்குக் கடும் அரிப்பு வந்ததைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் 2025ல் எச்சரித்திருக்கிறது. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயையும் தொடரலாம். காய்ச்சலோ உடல்வலியோ இருந்தால் தனிப் பாராசிட்டமால். அடைப்புக்குக் கொதித்து ஆறிய நீரில் கலந்த உப்புநீர். அது போதாதென்றால் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து, ஆனால் ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் சொட்டு விட்டால்தான் மூக்கு திறக்கும் என்ற புது வியாதி வந்துவிடும். ரத்த அழுத்தக்காரர் இந்தச் சொட்டு மருந்துக்கும் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஒவ்வொரு தொல்லைக்கும் ஒரு தனி மருந்து என்றால் எது எவ்வளவு உள்ளே போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கூட்டு மாத்திரையில் தெரியாமல் போவது அதுதான்.

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. குளோர்பெனிரமின் பினைலெஃப்ரின் கலவையை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று மருந்தின் மேலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி உத்தரவிட்டார். 2025ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்ததற்குக் காரணம், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப்பில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு. கலவை மருந்துகள் அல்ல. ஆனால் அந்தச் சிரப்பின் பெயரளவு உள்ளடக்கம் பாராசிட்டமாலும் இதே இரண்டும்தான். நச்சு கலக்காமல் இருந்திருந்தாலும் சின்னக் குழந்தையின் சளியில் அதற்கு வேலை இருந்திருக்காது.

உள்ளடக்கத்தைப் படி என்று சொல்வது சுலபம், யார் படிக்கிறார்கள் என்பது கடைசி ஆட்சேபம். அதில் நியாயம் இருக்கிறது. பெயரை நம்பவும் முடியாது: பெனட்ரில் என்ற ஒரே பெயரில் அமெரிக்காவில் டைஃபென்ஹைட்ரமினும் பிரிட்டனில் செட்ரிசினும் விற்கின்றன. மருந்தின் இயற்பெயரை வணிகப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று 2018ல் இந்தியாவில் விதி வந்தது. ஆனால் மூன்றோ அதற்கு மேலோ மருந்துகள் சேர்ந்த கூட்டுகளுக்கு விலக்கு அளித்தார்கள். படிக்க வேண்டிய அவசியம் எங்கே அதிகமோ அங்கேயே எழுத்து சிறியது. போதாக்குறைக்கு, நாலு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத் தருகிறார்கள். உள்ளடக்கம் அச்சிட்ட பகுதி கடையிலேயே தங்கிவிடுகிறது. இதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் விதி எழுதுகிறவர்கள். அதுவரை, சளிக்கு மருந்து வாங்கப் போகும்போது தினமும் சாப்பிடும் அலர்ஜி மாத்திரையின் அட்டையையும் கையோடு எடுத்துப்போங்கள். "சேர்த்துச் சாப்பிடலாமா" என்று கேட்காதீர்கள்; இந்த இரண்டிலும் ஒரே வகை மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள்.